கிராஃபில் புள்ளியின் ஆயத்தொலைவை (எக்ஸ், ஒய் மதிப்புகளை) சரியாகப் படிக்க

புள்ளியைப் பார்த்தவுடன் கட்டங்களை எண்ண ஆரம்பிக்காதீர்கள். முதலில் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. என்பது 5 அலகு என்றால், ஒரு சின்னக் கட்டம் (1 மி.மீ.) 0.5 அலகு. அப்படியானால் 3 செ.மீ. தாண்டி 4 சின்னக் கட்டம் வலப்பக்கம் உள்ள புள்ளியின் எக்ஸ் மதிப்பு 15 + 2, அதாவது 17. ஒய் அச்சுக்கு வேறு அளவு இருக்கலாம், அதையும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், புள்ளியிலிருந்து ஸ்கேலை நேராகக் கீழே எக்ஸ் அச்சுக்கு இறக்குங்கள். அது தொடும் எண்தான் முதலில் எழுத வேண்டியது. பிறகு பக்கவாட்டில் ஒய் அச்சுக்கு. வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு கட்டம் முன்னே பின்னே போய்விடும்.

அதிகம் தடுமாறுவது குறை எண்களில்தான். 1 செ.மீ. = 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். புள்ளி −2-க்கு இடப்பக்கம் 3 சின்னக் கட்டம் தள்ளி இருந்தால், அது −2.3. பலர் −1.7 என்று எழுதிவிடுகிறார்கள். ஆதிப்புள்ளியிலிருந்து (இரண்டு அச்சும் வெட்டும் இடம்) வெளிப்பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் இந்தக் குழப்பமே வராது.

புள்ளி அச்சின் மேலேயே இருந்தால்? ஒய் அச்சில் 4-இல் இருப்பதற்கு எக்ஸ் மதிப்பு 0. ஆகவே அது (0, 4), (4, 0) அல்ல.

கடைசியாகக் குறிகளைச் சரிபாருங்கள். இடப்பக்க மேல் கால்பகுதியில் உள்ள புள்ளிக்கு எக்ஸ் குறை, ஒய் மிகை. இது பொருந்தவில்லை என்றால் எங்கேயோ மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.