உங்கள் துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற ஈயக் குண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பலர் தம் துப்பாக்கிக்கு ஏற்றபடி வெடிமருந்தை எடைபோட்டுத் தாமே தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்கு இடமில்லை. ஆயினும், ஒவ்வொரு குழலும் தனக்கு உகந்த குண்டையே ஏற்கும் என்ற உண்மை, நம் சங்கங்களில் பயிலும் 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்டினா வெலோசோ தங்கம் வென்ற பிரிவு இது.

இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. பத்தில் ஒரு பங்கு வரை புள்ளி கணக்கிடும் தசமப் புள்ளி முறையில் ஒரு மில்லிமீட்டர் விலகல் 0.4 புள்ளியைக் கொண்டுபோய்விடும் என்பதால், குண்டு செய்யும் பிழையைத் தம் கையின் பிழையென்று எண்ணி மாதக்கணக்கில் மனம் வருந்தும் இளையரைக் காணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

முதலில் தட்டைமுனைக் குண்டுகளைத் தலை விட்டம் 4.48 முதல் 4.52 மில்லிமீட்டர் வரை சில அளவுகளிலும், எடை ஏறத்தாழ 0.53 கிராமிலும் திரட்டுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவு ஒன்றாகவே இருந்தாலும் தயாரிப்புத் தொகுதி எண் மாறினால் குண்டின் போக்கும் மாறலாம். ஆகவே அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர், பயிற்றுநரின் மேற்பார்வையில், சுடுதளத்திலேயே துப்பாக்கியைப் பிடிகருவியில் அசையாமல் பொருத்துங்கள். கையில் பிடித்துச் சுட்டால் சோதனை உங்களைப் பற்றியதாகிவிடும், குண்டைப் பற்றியதாகாது. புதிய தொகுதிக்கு மாறும்போதெல்லாம் முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய ஈயப்படிவு மாறிக் குழல் நிலைகொள்ள அவ்வளவு தேவைப்படும். அதன்பின் புதிய தாளில் பத்துக் குண்டுகள் சுட்டு, துளைக்கூட்டத்தின் மிக அகன்ற இரு வெளிவிளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். மீதம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அந்தத் தொகுதி வைத்துக்கொள்ளத் தக்கது. ஐந்து குண்டுகளில் கிடைக்கும் அழகிய கூட்டத்தை நம்பிவிடாதீர்கள். அது தற்செயலாகவும் அமையும். நல்ல தொகுதி என்று தோன்றினால் மறுநாள் இன்னொரு பத்துக் குண்டுகள் சுட்டு உறுதிசெய்யுங்கள். துப்பாக்கியில் காற்றை அடைத்துவைக்கும் காற்றுருளையின் அழுத்தம் ஒவ்வொரு சோதனையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கட்டும்.

எடைபோட்டுப் பிரிப்பது இரண்டாம் நிலைப் பணிதான். ஒரு மில்லிகிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்து, பெரும்பான்மையிலிருந்து விலகும் குண்டுகளைப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். ஆனால் பின்விளிம்பு நசுங்கியவற்றைக் கண்ணால் பார்த்து நீக்குவதே கூடுதல் பலன் தரும். ஈயம் மென்மையானது, டின் ஒருமுறை கீழே விழுந்தாலே பல குண்டுகள் கெட்டுவிடும்.

நம் ஊரின் ஈரக்காற்றில் ஈயத்தின் மேல் வெண்பொடி படியக்கூடும். சிலிக்கா ஜெல் பையுடன் டின்னை இறுக மூடி வையுங்கள், பொடி படிந்ததைச் சுடாதீர்கள். 2021-இல் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானது. ஆதலால் பிரித்தல், நிறுத்தல் அனைத்தையும் சங்க வளாகத்திலேயே செய்யுங்கள், எதையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணமே வேண்டாம். வேலை முடிந்ததும், உணவைத் தொடுமுன், சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

தேர்ந்த தொகுதி கிடைத்தால், அதே எண்ணுள்ள டின்களைப் போட்டிக் காலம் முழுமைக்கும் போதுமான அளவு சங்கத்தின் வழியாக உடனே வாங்கிவிடுங்கள். கடையில் அந்த எண் தீர்ந்துவிட்டால் சோதனையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.