‘விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம்’: கனடா அகதி வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் அகதி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் அலுவலகங்களில், வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக உட்காருவது என் தொழில். இலங்கையிலிருந்து புதிதாக வந்திறங்கும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை வந்த காலத்தில் செய்த அதே பிழைகளை, அதே நியாயங்களைச் சொல்லிக்கொண்டு செய்வதைக் காணும்போதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நேரம் தவறுவது, கடிதத்தைத் தொலைப்பது போன்ற, ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியிராத பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். கீழே வரும் சம்பவங்களில் ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உரிமம் இல்லாத ‘தெரிந்த அண்ணை’

பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு வழக்குகளில் பிறருக்காகச் செயற்பட, சட்டத்தரணிகள் சங்கத்தில் பதிவு பெற்றவர்களுக்கும், 2021இல் தொடங்கப்பட்ட குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்களுக்கும், கியூபெக் மாகாணத்தில் நொத்தாரிசுகளுக்கும் மட்டுமே சட்டம் இடமளிக்கிறது. ஆலோசகர்களிலும், அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அகதிகள் சபையின் முன் தோன்றுவதற்குத் தனி வகை உரிமம் வேண்டும். பெயரைச் சொன்னால் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அப்படியிருந்தும், படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பெயரை எங்கும் எழுதாமல் நழுவும் ‘அண்ணை’மார் இன்னும் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் பெயரை எழுத மறுப்பவரிடம் உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

‘விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம்’

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அகதிக் கோரிக்கையாளருக்கு நேரடி விசாரணை பெறும் உரிமையை உறுதிப்படுத்தியதிலிருந்து, விசாரணையே வழக்கின் உயிர் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அது பாதிதான் உண்மை. அந்த விசாரணை, நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை முன்னால் வைத்துக்கொண்டு நடக்கிறது. எழுதிக் கொடுப்பது என்றால் பி.ஓ.சி. (Basis of Claim, கோரிக்கையின் அடிப்படை) என்று எல்லோரும் சொல்லும் படிவம். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள், திரும்பிப் போனால் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதை முழுமையாகக் கேட்பது அதுதான். அதில் இல்லாத ஒரு முக்கியமான சம்பவத்தை விசாரணை நாளில் முதன்முறையாகச் சொன்னால், வழக்கைத் தீர்மானிக்கும் சபை உறுப்பினர் கேட்கும் முதற்கேள்வி அந்தச் சம்பவத்தைப் பற்றியதாக இராது. அது ஏன் படிவத்தில் இல்லை என்பதாகவே இருக்கும்.

வன்னியைச் சேர்ந்த ஒருவர் வந்தார். போருக்குப் பிறகு பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் அவரைப் பலமுறை அழைத்துச் சென்று அடித்திருந்தார்கள். வழக்கின் உயிர்நாடி அதுவே. அதற்கு மருத்துவச் சான்றும் இருந்தது. ஆனால் போர்க்காலத்தில் இயக்கம் அவரைப் பிடித்துச் சென்று சில மாதங்கள் பங்கர் வெட்ட வைத்திருந்ததை மட்டும் அவர் வழக்கறிஞரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் புலி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தங்கியிருந்த வீட்டு உறவினர் பயமுறுத்தியிருந்தார். இயக்கத்தோடு ஏதாவது தொடர்பு இருந்ததா என்று வழக்கறிஞர் சுற்றி வளைத்தும் நேராகவும் கேட்டார். ஒன்றுமில்லை என்றே பதில் வந்தது. அந்த மனிதரோ, பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கிய இரவில், களைப்பில், எல்லை அதிகாரியிடம் பங்கர் வெட்டிய கதையை முழுவதும் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்தக் குறிப்பு உறுப்பினரின் கையில் இருந்தது. அன்றைய விசாரணையின் பெரும்பகுதி அந்த ஒரு முரண்பாட்டிலேயே கழிந்தது. அடிபட்ட கதைக்கு நேரம் வந்தபோது, சொல்பவரை நம்பும் மனநிலை அந்த அறையில் இல்லை. வழக்குத் தோற்றது.

இதில் வீணானது எது என்பதைக் கவனியுங்கள். சத்தியம் செய்து சொல்லப்படும் வாக்குமூலத்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே கொள்ள வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு மல்டொனாடோ வழக்கிலிருந்து வரும் விதி. சான்றுகள் அனைத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த மனிதருக்குச் சட்டம் தரும் பெரிய சலுகை அது. அந்தச் சலுகையை அவர் தம் கையாலேயே உடைத்துக்கொண்டார். மேன்முறையீட்டிலும் அதைச் சரிக்கட்ட முடியவில்லை. ஏனெனில் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவு, முதல் தீர்ப்புக்குப் பிறகு எழுந்த சான்றையோ, அப்போது நியாயமாகக் கிடைத்திருக்கவோ முன்வைத்திருக்கவோ முடியாத சான்றையோதான் கோரிக்கையாளரிடமிருந்து புதிதாக ஏற்கும். தமக்கே தெரிந்திருந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தவருக்கு அந்தக் கதவு திறவாது. கதை முழுவதும் நம்பத்தக்க அடிப்படையே அற்றது என்று உறுப்பினர் எழுதிவிட்டால், அந்த மேன்முறையீட்டு உரிமையே இல்லாமற்போகும்.

உறவினரின் பயத்திலும் அர்த்தம் இருந்தது. அதனால்தான் இந்தத் தவறு சாகாமல் இருக்கிறது. கனடா 2006இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அவ்வாறான அமைப்பின் உறுப்பினர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், பாதுகாப்புக் காரணங்களுக்காக அனுமதி மறுக்கும், குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழக்கையே வேறு பாதைக்குத் திருப்பிவிடக்கூடும். ஆனால் விரும்பிச் சேர்ந்தவரும் துப்பாக்கி முனையில் பங்கர் வெட்டியவரும் ஒன்றல்லர். கட்டாயம் என்பது சட்டத்தில் எடைபோடப்படும் விடயம். போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று சொல்வதற்கும், ஓர் அமைப்போடு தொடர்பு இருந்தது என்பது மட்டும் போதாது, தாமாக விரும்பி, அறிந்து, குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்திருக்க வேண்டும் என்று 2013இல் எசொகோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இந்த வேறுபாடுகளைச் சட்ட மொழியில் எடுத்துச் சொல்வதற்குத்தான் வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். இடுப்பு நோவை மறைத்துவிட்டு மருந்து கேட்பவரைப் போல் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

வழக்கறிஞரிடம் நீங்கள் ஆலோசனைக்காகச் சொல்வது இரகசியம். அரசாங்கம் கேட்டாலும் அவர் கொடுக்க மாட்டார், மொழிபெயர்க்கும் நானும் அதே இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவன். அதேசமயம், பொய் என்று தமக்குத் தெரிந்த ஒன்றை அவர் சபையின் முன் வைக்க முடியாது. ஆகவே சொல்ல வேண்டிய நேரம், படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர்.

பெண்கள் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் வேறு. தடுப்பிலோ முகாமிலோ நடந்த பாலியல் வன்முறையை, நடுவில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? பால்நிலை சார்ந்த துன்புறுத்தல் பற்றிய வழிகாட்டலைக் கனடாவின் சபை 1993இலேயே வெளியிட்டது. பெண் உறுப்பினரும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்திலும் அப்படித்தான்: என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஒருவரை வரவழைக்கச் சொல்லுங்கள். நான் கோபிக்க மாட்டேன். உண்மையில், எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருக்கும்.

இன்னொரு வகையினர், பயண முகவர் சொல்லிக் கொடுத்த பாதைக் கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்கள், தாங்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறியதாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டது. அவர்கள் அனுமதிப் பத்திரத்தோடு தங்கவைக்கப்பட்டார்கள் என்றாலும், அந்த ஒரு பொய் அவர்கள் தப்பி ஓடிவந்த உண்மையின் மீதும் நிழலை விழுத்தியது. இன்று கைரேகைகளும் பழைய விசா விண்ணப்பங்களும் கனடாவுக்கும் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கும் இடையே ஒப்பிடப்படுகின்றன. முகவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அகதி அந்தஸ்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே, முதற்சந்திப்பிலேயே விமான நிலையத்தில் அல்லது எல்லையில் என்ன சொன்னீர்கள் என்பதை நினைவுக்கு எட்டியவரை சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளைப் பெறும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். படிவம் எழுதி முடிந்ததும், அதைத் தமிழில் வரிக்கு வரி, அவசரமில்லாமல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்து விளக்கப்பட்டது என்ற உறுதிமொழி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது, கையெழுத்திட்ட பின் எனக்கு வாசித்துக் காட்டவில்லை என்பது எடுபடாது. திகதி நினைவில்லாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். ‘தைப்பொங்கலுக்குப் பிந்திய வாரம்’ என்று எழுதுவது, தவறான ஒரு திகதியைத் துல்லியமாக எழுதுவதைவிட எவ்வளவோ மேல். கையெழுத்திட்ட பிறகு ஒன்று விடுபட்டது தெரிந்தால், திருத்தங்களை அடிக்கோடிட்டு, கையொப்பமும் திகதியும் இட்டு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சபைக்குக் கிடைக்கும்படி அனுப்பலாம். முன்கூட்டியே தாமாகத் திருத்தியவரை உறுப்பினர் பார்க்கும் பார்வையும், கேள்வியில் அகப்பட்டவரைப் பார்க்கும் பார்வையும் வேறு வேறு.

ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள்

ஊரிலிருந்து சமாதான நீதவான், கிராம அலுவலர், பங்குத்தந்தை ஆகியோரின் கடிதங்கள் வருகின்றன. மூன்றையும் யாரோ ஒருவரே தட்டச்சு செய்து கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பது, மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருப்பதிலிருந்து தெரிந்துவிடும். எழுதுபவர் தாம் கண்டதை மட்டும், தம் சொற்களில், எப்படி அறிந்தார் என்ற விவரத்தோடு எழுதட்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். ஆவணங்களுக்கும் அதே 10 நாள் எல்லை.

சட்ட உதவிக்கு மேல் கையில் காசு கொடுப்பது

ஒன்ராறியோ சட்ட உதவிச் சான்றிதழில் வழக்கை ஏற்ற வழக்கறிஞர் அதே வேலைக்கு உங்களிடம் மேலதிகமாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் சட்ட உதவி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

வீடு மாறியதை வழக்கறிஞருக்கு மட்டும் சொல்வது

சபைக்கும் குடிவரவு அதிகாரிகளுக்கும் அறிவிப்பது உங்கள் பொறுப்பு. விசாரணை அழைப்பு பழைய அடித்தள அறைக்குப் போய், நீங்கள் வராமலிருந்தால், கோரிக்கை கைவிடப்பட்டதாக முடிக்கப்படலாம். அப்படி முடிந்த வழக்குக்கு மேன்முறையீட்டுப் பிரிவு இல்லை. இன்னொரு முறை அகதிக் கோரிக்கை வைக்கவும் முடியாது.

பிழையான மொழிபெயர்ப்பைச் சகித்துக்கொள்வது

விசாரணையில் சபையே இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தருகிறது. அவர் சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டாலோ, நீங்கள் சொன்னதைச் சுருக்குகிறார் என்று தோன்றினாலோ, அந்த நொடியே கையை உயர்த்துங்கள். மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டுத் தோற்ற பிறகு முறையிட்டால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கேட்கும். என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது சங்கடமான அறிவுரை என்பது தெரியும். ஆனாலும், தவறு செய்பவரைத் திருத்துவது அவமரியாதை ஆகாது.

உடன் வராத பிள்ளையை எழுதாமல் விடுவது

நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில், இங்கே வரப்போகிறவர்களை மட்டுமன்றி, வாழ்க்கைத் துணையையும் உங்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள் அனைவரையும் குறிப்பிட வேண்டும். முதற்திருமணத்துப் பிள்ளை, திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, பாட்டியோடு ஊரில் வளரும் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. குறிப்பிடாமலும் பரிசீலிக்கப்படாமலும் விடப்பட்டவரைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்யக் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவு இடம் தராது. 2019இல் தொடங்கிய ஒரு தற்காலிகக் கொள்கை சிலருக்கு வழி திறந்தது. அதை நம்பித் திட்டமிடுவது மடமை. வெட்கத்துக்காக மறைத்த ஒரு பெயரால், பத்து வயதுப் பிள்ளை தகப்பனைக் காணாமலே வளர்ந்ததை நான் அறிவேன்.

தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பது

தோற்றால், எழுத்து மூலமான காரணங்கள் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுக்க வேண்டும். அதில் பாதியை உறவினரிடம் யோசனை கேட்பதிலும், மீதியைப் புது வழக்கறிஞர் தேடுவதிலும் கழிப்பவர்கள் பலர். கடைசி நாளன்று மாலையில் கோப்போடு வந்து நிற்பவருக்கு, எவ்வளவு கெட்டிக்கார வழக்கறிஞரானாலும் அவசர வேலைதான் செய்து கொடுக்க முடியும். தோல்விக்குப் பழைய வழக்கறிஞரே காரணம் என்று சொல்ல நினைத்தால், அவருக்கு அறிவித்துப் பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை இருப்பதையும், வெறும் குற்றச்சாட்டு போதாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வென்ற கையோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போவது

இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊருக்குப் போய்வந்தால், பாதுகாப்புத் தேவையில்லை என்று நீங்களே காட்டியதாக அரசு வாதிடலாம். 2012 டிசம்பர் முதல், அந்த வழியில் நிரந்தர வதிவிடமும் பறிபோகலாம். கனடியக் குடியுரிமை கைக்கு வரும்வரை வேண்டாம். தாய் தகப்பன் சாகக் கிடந்தாலும், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் வழக்கறிஞரை அழையுங்கள்.