'சூஸ்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்ப்போம்

ஆங்கிலத்தில் 'தேர்ந்தெடு' என்று சொல்லச் சட்டென்று வாயில் வருவது 'சூஸ்'. இதன் பூர்வீகத்தை நாமே தேடிப் பார்க்கலாம். ஒரு நோட்டும், சொற்பிறப்பு தரும் நல்ல ஆங்கில அகராதியும் போதும்.

படி 1: வினையின் மூன்று வடிவங்களையும் எழுதுங்கள். சூஸ், சோஸ், சோசன். இப்படி நடு உயிரொலி மாறி இறந்தகாலம் காட்டுபவை (சிங்–சாங் போல) பெரும்பாலும் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். லத்தீனிலிருந்து வந்த 'செலக்ட்', 'எலக்ட்' இரண்டும் அப்படி மாறுவதில்லை.

படி 2: அகராதியில் பழைய வடிவத்தையும் உறவுச் சொற்களையும் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'சேஓசன்'. டச்சில் 'கீசன்', தேர்ந்தெடுப்பதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் இன்றும் அதே சொல்தான். 1356-இன் 'பொன் ஆணை' என்ற அரச சாசனப்படி ஜெர்மானிய அரசரைத் தேர்ந்தெடுத்த ஏழு பேருக்குக் 'கூர்ஃபூர்ஸ்ட்' என்று பெயர். அந்தக் 'கூர்' இந்தக் குடும்பம்தான். இன்று வழக்கொழிந்த உறவு மொழியான கோத்திக்கின் 'கியூசன்' என்றால் சோதித்துப் பார்ப்பது. நம் 'தேர்' என்ற வினைக்கும் ஆராய்தல், தெரிவு செய்தல் என்று இரு பொருளும் உண்டு, பரீட்சையும் 'தேர்வு'தானே!

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்தின் 'ச' முன்பு 'க'வாக இருந்திருக்கிறது.

படி 3: ஜெர்மானியக் கிளைக்கு (ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், கோத்திக் போன்ற மொழிகளுக்கு) வெளியே, லத்தீன், சமஸ்கிருதம், பாரசீகம் போன்ற தூரத்து உறவு மொழிகளுக்குப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கிய ஒலி விதிப்படி, 'கங்கை'யில் கேட்கும் முதல் ஒலி ஜெர்மானிய மொழிகளில் 'கடல்' என்பதன் முதல் ஒலியாக மாறும். லத்தீன் 'கிரானம்' (தானியம்), ஆங்கில 'கார்ன்' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்து முதல் ஒலியில் வேறுபடுவது அப்படித்தான். அதே விதியை இங்கே பொருத்தினால் லத்தீன் 'குஸ்டுஸ்' கிடைக்கும். அதன் பொருள் சுவை! ஆக, சூஸ் என்பதன் வேருக்கு ருசி பார்ப்பது என்று பொருள். நாக்கில் வைத்துப் பார்த்துப் பிடித்ததை எடுப்பது. சமஸ்கிருதத்தில் இதே வேர் 'ஜுஷ்', அதாவது விரும்பி அனுபவிப்பது. பாரசீகத்தில் நண்பனைக் குறிக்கும் 'தோஸ்த்' ஆயிற்று. நம்மூர்ப் பேச்சில் புழங்கும் அதே தோஸ்த்துதான்.

படி 4: ஒலி ஒற்றுமையை நம்பி ஏமாறாதீர்கள். "சூஸ் நம் 'சுவை'யிலிருந்து வந்தது" என்று சொல்ல ஆசை வரும். பொருளும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் படி 2-இல் குறித்ததைப் பாருங்கள். பின்னோக்கிப் போகப் போக 'ச' மறைந்து 'க' வருகிறது. சொல்லின் பழைய வடிவம் 'சுவை'யிடமிருந்து விலகித்தான் போகிறது. தமிழின் தொன்மையை நேசிப்பவர்கள்தான் இந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு 'சாய்ஸ்' என்ற பெயர்ச்சொல்லை எடுங்கள். சூஸுக்கு அது நேர்ப் பிள்ளை அல்ல. ஜெர்மானியத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பியது. அடுத்து 'டிஸ்கஸ்ட்'. அதற்குள்ளே 'குஸ்டுஸ்' இருக்கிறது, தேடுங்கள்.