டர்போ டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் எண்ணெய்: டர்போவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அந்தக் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். இன்டர்கூலர் குழாயைக் கழற்றியதும் எண்ணெய் வழிவதைக் கண்டு, அன்றே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ரீகண்டிஷன் டர்போ ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுகிறவர்கள் கொழும்பில் குறைவில்லை. சில மாதங்களில் அதே குழாயில் மறுபடியும் எண்ணெய் தேங்குவதும் உண்டு. எண்ணெய் எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் டர்போவைக் குற்றவாளியாக்குவது வீண் செலவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்: குழாயின் உட்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. எரிப்பின்போது பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே கசியும் வாயு, எண்ணெய்த் துளிகளைச் சுமந்துகொண்டு, அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக் குழாயில் சேர்கிறது. இன்டர்கூலரில் காற்று குளிரும்போது அந்த ஆவி படிந்து, அடியில் சிறிது சேரும். கரண்டிக் கணக்கில் ஊற்றக்கூடிய அளவு தேங்கினால்தான் தேட வேண்டியிருக்கிறது.

டர்போவின் ஷாஃப்ட்டில் இருப்பது ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங் போன்ற சிறிய உலோக வளையம். எண்ணெய்ப் பக்கத்தைவிடக் காற்றுப் பக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருக்கும்வரைதான் அது எண்ணெயை நன்றாகத் தடுக்கும். எயார் ஃபில்டர் தூசியால் அடைபட்டால் டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்பிரசரின் வாயில் உறிஞ்சல் கூடி, எண்ணெய் உள்ளே இழுபடும். புறக்கோட்டையில் சரக்கு இறக்கி முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கும் லொறிகளுக்கும், காலி வீதி நெரிசலில் ஏசி போட்டபடி ஊரும் வான்களுக்கும் இதே தொல்லை வரலாம், ஏனெனில் ஐட்லிங்கில் டர்போ அழுத்தம் எதையும் அநேகமாக உண்டாக்குவதில்லை.

சோதனையை டர்போவுக்கு முன்னிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, எயார் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிரீதர் வந்து சேரும் துளைக்குக் கீழிருந்து ஈரம் தொடங்கினால் எண்ணெய் பிரீதரிலிருந்து வருகிறது. அந்தப் பகுதி உலர்ந்திருந்து, கம்பிரசருக்குப் பிறகுள்ள குழாய் மட்டும் நனைந்திருந்தால் சந்தேகம் டர்போவின் சீல் மீது விழும். உறுதிசெய்ய, பிரீதர் குழாயைச் சில நாட்கள் ஒரு போத்தலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டலாம். ஆனால் போத்தலில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும், காற்றுக் குழாயின் துளையை இறுக மூடியிருக்க வேண்டும், இல்லையேல் வடிகட்டாத தூசி நேரே எஞ்சினுக்குள் போகும்.

பெரும்பாலும் கவனிக்கப்படாதது டர்போவின் எண்ணெய் வடிகுழாய். எண்ணெய் பம்பின் அழுத்தத்தில் டர்போவுக்குள் ஏறுகிறது. திரும்புவதோ தன் பாரத்தால் மட்டுமே, அதுவும் நுரைத்த நிலையில். ஆகவே குழாய் சற்று வளைந்து நசுங்கியிருந்தாலும், உள்ளே கரி படிந்திருந்தாலும், காஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பூசிய சிலிக்கன் துளைக்குள் பிதுங்கியிருந்தாலும், எண்ணெய் பெயாரிங் பகுதியில் தேங்கி சீலைத் தாண்டும். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றுவதும் அதே விளைவைத் தரக்கூடும். பிரீதர் அடைபட்டு, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பில் அழுத்தம் ஏறினாலும் எண்ணெய் கீழே இறங்காது. புதிய டர்போ பூட்டுவதானால் வடிகுழாயைக் கழற்றிக் கழுவாமல் பூட்ட விடாதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டர்போவின் ஷாஃப்ட்டை விரல்களால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது பழுதன்று. ஓடும்போது அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பும். முன்னும் பின்னும் அசைவது விரலுக்குத் தெரிந்தாலோ, சக்கர இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவை மாற்றியே ஆக வேண்டும்.

தேங்கிய எண்ணெயை அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. அது பெருமளவில் எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் அதையே எரிபொருளாக்கிக் கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வாகனமானால் பிரேக்கை முழு பலத்துடன் அழுத்தியபடி உச்ச கியரைப் போட்டு, கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம். காற்றுக் குழாயின் வாயைக் கையால் மூட ஒருபோதும் முயல வேண்டாம்.

இன்டர்கூலரைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வடிகிற திரவம் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். பூட்டுவதற்கு முன் முற்றாக உலர வேண்டும், மீந்த மண்ணெண்ணெயும் எரியக்கூடியதே. எண்ணெயில் ஊறி மென்மையான ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். பிறகு 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே இணைப்பைத் திறந்து துடைத்துப் பாருங்கள். பிரீதர் பக்கத்தில் மீண்டும் எண்ணெய் தேங்கியிருந்தால், அடுத்து அளக்க வேண்டியது சிலிண்டர்களின் கம்பிரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம்.