ஒரே மெயின் கேபிளில் நாலு மோட்டார்: தும்பு ஆலைக்கு வயரிங் செய்யும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கத்துத் தும்பு (தேங்காய் நார்) ஆலைகளில் ஒரே கூரைக்குக் கீழே பல மோட்டார்கள் ஓடும். எல்லாவற்றுக்கும் மீட்டரிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. ஒரு பொதுக் கேபிளைப் பேனல் வரை கொண்டுவந்து அங்கே பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பிரியும் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும். செலவைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் இதில் இறங்கி வராதீர்கள்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு மோட்டாரின் நேம் பிளேட்டிலும் (விவரத் தகட்டில்) உள்ள ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஒரு எச்.பி.க்குச் சுமார் 1.4 ஆம்பியர் வரும், சின்ன மோட்டாரில் கொஞ்சம் கூடும். கதம்பை (தேங்காய் மட்டை) அடிக்கும் மோட்டார் 20 எச்.பி., 28 ஆம்பியர். சல்லடை 7.5 ஆம்பியர், பம்பு 5 ஆம்பியர், கன்வேயர் 3.5 ஆம்பியர் என்று வைப்போம். பெரிய மோட்டாருக்கு மட்டும் 1.25 மடங்கு, மற்றவை அப்படியே: 35 + 16 = 51 ஆம்பியர். இதற்கு 16 சதுர மி.மீ. அலுமினியம் கேபிள் விளிம்பில் நிற்கும், 25 போடுங்கள். தூரம் அதிகம் என்றால் வோல்டேஜ் இறங்கும், இன்னும் ஒரு சைஸ் ஏற்றுங்கள்.

அடுத்து பேனல். உள்ளே வரும் இடத்தில் 63 ஆம்பியர் எம்.சி.சி.பி. (பெரிய மெயின் பிரேக்கர்), அதற்குப் பின் பஸ்பார் (கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் உலோகப் பட்டை). பஸ்பாரிலிருந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் எம்.சி.பி. (சின்ன பிரேக்கர்), காண்டாக்டர் (மோட்டாரைப் போட்டு அணைக்கும் காந்த சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவு மீறினால் அணைப்பது).

ஏன் இத்தனை? கன்வேயர் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால் மற்ற இரண்டிலும் 6 ஆம்பியர் அளவுக்கு ஏறும். 63 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. மோட்டாரின் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) கருகும் வரை சும்மா இருக்கும். 3.5-இல் வைத்த ரிலே சில நிமிடங்களில் அணைத்துவிடும். ஒரு ஃபேஸ் போனதைக் கண்டு அணைக்கும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் சேர்த்தால் உடனே நிற்கும். பெரிய மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, வேகம் வந்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) கட்டாயம். நேராகப் போட்டால் ஆறு மடங்கு கரண்ட் இழுத்து, பக்கத்து மோட்டார்களையும் திணறடிக்கும். அந்த ஸ்டார்ட்டரில் ரிலே, உள்ளே வரும் வயரில் இல்லாமல் வைண்டிங்குக்குப் போகும் வயரில் இருந்தால் 28-இல் அல்ல, 58 சதவீதமான 16-இல் வையுங்கள்.

எர்த் விஷயத்தில் ஒவ்வொரு மோட்டார் உடலுக்கும் இரண்டு தனி வயர். நம் கடற்காற்றில் லக்கும் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) போல்ட்டும் சீக்கிரம் பூத்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும். தும்புத் தூசியும் மோட்டார் மேல் படியும்.

கை வைக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, மூன்று ஃபேஸையும் சோதியுங்கள். இணைப்பைத் தருவது உரிமம் பெற்றவராக இருக்கட்டும்.

கடைசியாக, பெல்ட் போடாமல் ஒவ்வொன்றாகச் சுழல விட்டுத் திசை பாருங்கள். ஒன்று மட்டும் தலைகீழாகச் சுற்றினால் அந்தக் கிளையின் ஸ்டார்ட்டருக்கு வரும் இரண்டு வயரை மாற்றுங்கள். மெயினில் மாற்றினால் நாலும் திரும்பிவிடும். சரி, ஓட்டும்போது சல்லடை முதலில், அடுத்து அடிக்கும் மோட்டார். அது டெல்டாவுக்குப் போன பிறகு கன்வேயர். முழு லோடில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) வைத்து மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமா என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.