நள்ளிரவில் ஒளிரும் மேகங்களைப் பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் குடிவந்த முதல் கோடையில் எத்தனையோ இரவுகள் விழித்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஜூன் கடைசியில் கால்டன் குன்றின் மேல் நின்றபோது, வடக்கே எதிர்க்கரையான ஃபைஃபுக்கு மேலே வானம் மீன் செதிலாக மின்னியது. அன்று நான் கற்றது இது.

1. காலமும் இடமும். வட அட்சரேகை 50 முதல் 65 டிகிரி வரை உள்ள ஊர்கள். மே இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. சென்னையிலிருந்து தெரியாது.

2. நேரம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே ஜூனில் சூரியன் மறைவது பத்து மணிக்கு. நான் பதினொன்றரைக்குத்தான் கிளம்புவேன்.

3. திசை. வடக்கே தடையில்லாத அடிவானம் போதும். கையை நீட்டி, விரல்களை மடக்கிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், அதற்குச் சற்று மேலே கேபெல்லா விண்மீன் தெரியும். தேடலை அங்கே தொடங்குங்கள்.

4. அடையாளம். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அந்தியில் வெளிச்சமாகத் தெரிந்த கீற்று மேகங்களையெல்லாம் இதுவென்றே நம்பினேன். பொறுங்கள். இரவு ஏற ஏற, சாதாரண மேகங்கள் பூமியின் நிழலில் மூழ்கிக் கறுத்துவிடும். ஒளிரும் மேகங்களோ சுமார் 82 கிலோமீட்டர் உயரத்தில், விண்கல் தூசியில் படிந்த பனித்துகள்களாக மிதக்கின்றன. அங்கே வெயில் இன்னும் அடிக்கிறது. ஆகவே கறுத்தது சாதாரண மேகம், அதற்குப் பின்னால் வெள்ளியும் நீலமுமாகப் பளிச்சிடுவது நாம் தேடியது. பைனாகுலரில் பாருங்கள்: கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகளைப் போன்ற நெளிவுகள், ஓரம் மங்காமல், நூல் நூலாகத் தெரியும். என்னைக் கேட்டால், தொலைநோக்கியைவிட 7×50 பைனாகுலரே (7 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) இதற்கு ஏற்றது. வானத்தின் பெரிய பரப்பு ஒரே பார்வையில் அடங்கும்.

(இந்த உயரத்தை பெர்லினைச் சேர்ந்த வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸே 1880களிலேயே புகைப்படங்களை வைத்துக் கணித்துவிட்டார். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.)

5. படம். முக்காலி கட்டாயம். கேமராவின் ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 400, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மூன்று முதல் ஐந்து விநாடி. அதற்கு மேல் போனால் நெளிவுகள் கலங்கிவிடும். ஃபோகஸை விண்மீன் ஒன்றில் கையால் சரிசெய்யுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் அனுப்பிய படங்களில் மேகம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது தெருவிளக்கு வெளிச்சம். கைபேசியின் இரவுப் பயன்முறை அதையும் தூக்கிக் காட்டிவிடும். முதலில் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பிறகு கைபேசியை எடுங்கள்.