பழைய டெர்மினல் திரைகளை வலைச்சேவை நிரலாக்கத்துக்குத் தயார்படுத்துதல்

ஐபிஎம் மெயின்ஃபிரேம் கணினிகளோடு இணைக்கும் 3270 டெர்மினலின் மிகப் பரவலான திரை 24 வரிகளும் 80 நெடுவரிசைகளும் கொண்டது. அந்த 1,920 இடங்களில் எது தலைப்பு, எது தரவு, எது பிழைச் செய்தி என்பதை, பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பணியாளரின் கண் நொடியில் பிரித்தறிந்துவிடும். அத்திரைகளிலிருந்து வலைச்சேவைக்கான நிரலைத் தானாக எழுதித் தரும் கருவிக்கு அந்தக் கண் கிடையாது. திரையின் அமைப்பை வரையறுக்கும் மேப்பில் எழுதியிருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். பணியாளருக்குத் தெரிந்ததை எழுத்தில் கொண்டுவருவதுதான் கருவியை இயக்கும் முன் நாம் செய்ய வேண்டிய வேலை. மெயின்ஃபிரேமில் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருளில், அதன் திரை வரையறை வசதியான பிஎம்எஸ்ஸின் மேப்புகளோடு ஓடும் கோபோல் மொழி நிரல்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், கையிலுள்ள மேப்பின் மூலநிரல் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் மேப்புடையதுதானா என்று உறுதிசெய்யுங்கள். மூலநிரலை மறுபடி அசெம்பிள் செய்து, கிடைக்கும் காப்பிபுக்கை (நிரலில் சேர்க்கும் புல விவரக் கோப்பை) நிரல் பயன்படுத்தும் காப்பிபுக்கோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் போதும். காப்பிபுக்கைக் கையால் திருத்திவிட்டு மேப்பைத் தொடாமல் விடும் பழக்கம், நாம் ஒப்புக்கொள்வதைவிடப் பரவலானது.

அடுத்தது பெயர்கள். பெயரிடாத புலம் (திரையில் ஒரு தரவுக்கோ லேபிளுக்கோ ஒதுக்கிய இடம்) காப்பிபுக்கில் இடம்பெறாது; மாறாத லேபிள்களுக்கு இது பொருத்தம்தான். பெயரிட்ட புலத்துக்கோ பழைய மேப்புகளில் ஏழு எழுத்துக்கு மேல் இடமில்லை, ஏனெனில் நீளம், கொடி, பண்பு, உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றைக் குறிக்கும் எல், எஃப், ஏ, ஐ, ஓ என்ற பின்னொட்டுகளில் ஒன்று அதனுடன் சேர வேண்டும். அதனால்தான் எஃப்எல்டி07 போன்ற பெயர்கள் பிறக்கின்றன. மேப்பில் பெயரை மாற்றினால் நிரல் முழுவதும் மாற்ற வேண்டிவரும். ஆகவே பழைய பெயர், சேவையில் வழங்கும் பெயர், நீளம், வகை, கட்டாயமா இல்லையா என்பவற்றைத் தனி அட்டவணையில் எழுதிக் கருவிக்கு அதைக் கொடுப்பதே நல்லது. திரையில் இடத்தைக் கொண்டு புலத்தைக் கண்டறியும் கருவியானால் இன்னொரு எச்சரிக்கை: மேப்பில் 5ஆம் வரி, 20ஆம் இடம் என்றிருந்தால், 20இல் நிற்பது பண்புகளைக் குறிக்கும் ஒரு பைட், தரவு 21இல்தான் தொடங்கும். பெயரின் ஓர் எழுத்து மட்டும் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பார்ப்பது, திருத்துவது, நீக்குவது மூன்றுக்கும் ஒரே மேப்பை வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் நிரல் மாற்றும் திரைகள் உண்டு. அவற்றில் தலைப்புக்கும் பெயரிட்டு, ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித் திரையாகப் பதிவு செய்யுங்கள்.

அதிகக் கவனம் கோருவது செய்தி வரி. ‘பதிவு இல்லை’ என்று நிரல் 24ஆம் வரியில் காட்டும்போது, அந்தப் பரிவர்த்தனை சிஐசிஎஸ்ஸின் பார்வையில் வெற்றிகரமாகவே முடிகிறது. அப்படியே விட்டால் சேவையும் வெற்றி என்று சொல்லி வெற்றுப் புலங்களைத் திருப்பும். நிரலிலுள்ள செய்திகள் அனைத்தையும் திரட்டி, எது பிழை, எது எச்சரிக்கை, எது வெறும் தகவல் என்று ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுங்கள்.

உள்ளீட்டில் ‘தரவில்லை’ என்பதும் ‘அழித்துவிட்டேன்’ என்பதும் வேறு வேறு. பயனர் தொடாத புலத்துக்கும் அழித்த புலத்துக்கும் நீளம் சுழியம்தான்; ஆனால் அழித்த புலத்தின் எஃப் கொடியில் பதினறும எண் முறையில் 80 என்ற மதிப்பு வரும். நிரல் அதைச் சோதிக்கிறதென்றால், சேவையிலும் இவ்விரண்டையும் தனித்தனியே சொல்ல வழி வைக்க வேண்டும்.

பட்டியல் திரைகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்01 முதல் பெயர்10 வரை பத்துப் புலங்கள் இருந்தால், அவை ஒரே அணி என்பதை அட்டவணையில் குறிப்பிடாவிட்டால் கருவி பத்துத் தனி உறுப்புகளைத்தான் உருவாக்கும். அடுத்த பக்கத்துக்கு எந்த பிஎஃப் (செயல்பாட்டு) விசை என்பதோடு, கடைசிப் பக்கம் எதனால் தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். பல நிரல்களில் அதற்கும் அடையாளம் அந்த 24ஆம் வரிச் செய்திதான்.